சான்சேஸ் கோத்தானின் ஜன்னலை வீட்டில் கட்டிப் பார்த்தது

ஓவியத்தில் இருப்பது இவ்வளவுதான். கல்லால் ஆன ஜன்னல் போல ஒரு சட்டம், அதற்குப் பின்னால் முழு இருட்டு. இடது மேல் பக்கம் நூலில் தொங்கும், ஆப்பிள் போன்ற ஒரு குயின்ஸ் பழம். அதற்குக் கீழே, சற்று வலப்புறம், இன்னொரு நூலில் ஒரு முட்டைக்கோஸ். சட்டத்தின் அடிக்கட்டை மேல் வெட்டி வைத்த முலாம்பழம், அதிலிருந்து எடுத்த ஒரு துண்டு, கடைசியாக வலது ஓரத்தில் கட்டையைத் தாண்டி நம் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளரிக்காய். ஸ்பெயினின் தொலேதோ நகரில் 1602 வாக்கில் ஹுவான் சான்சேஸ் கோத்தான் வரைந்தது. இப்போது அமெரிக்காவின் சான் டியேகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 69 செ.மீ., அகலம் சுமார் 85 செ.மீ. அதாவது, காய்கள் ஏறக்குறைய அசல் அளவிலேயே இருக்கின்றன.

உணவு ஓவியங்களைப் பற்றிப் படிக்கப் போனால் முதலில் கைக்கு வருவது பொருள் விளக்கப் பட்டியல்தான். ரொட்டியும் திராட்சை மதுவும் இருந்தால் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும். தோல் உரித்த எலுமிச்சை என்றால் பார்வைக்கு அழகு, வாயில் புளிப்பு. கடிகாரம், அணைந்த மெழுகுவர்த்தி எல்லாம் காலம் தீர்வதற்கு. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் பீட்டர் கிளாஸ், வில்லெம் கிளாஸ் ஹேடா போன்றவர்கள் வரைந்த மேசைகளை இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஓரளவு படிக்க முடியும். குயின்ஸுக்கும் ஏதாவது கிடைக்கும், கிரேக்கர் காலத்திலிருந்தே அது திருமணத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட பழம். ஆனால் முட்டைக்கோஸுக்கு? வெள்ளரிக்காய்க்கு? பட்டியல் கைவிட்டுவிடுகிறது. ஆனாலும் அந்த முட்டைக்கோஸைப் பார்த்தால், ஏதோ ஒரு புனிதரைப் பார்ப்பது போல மனம் அடங்கிவிடுகிறது. இது காயிலிருந்து வருகிறதா, அதன் மேல் விழும் வெளிச்சத்திலிருந்தா? அச்சுப் படத்தை உற்றுப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது என்று தோன்றியது. அதனால் அந்த ஜன்னலையே கட்டி, காய்களைத் தொங்கவிட்டு, பார்த்து வரைவது என்று முடிவு செய்தேன்.

பெட்டி

12 மி.மீ. பிளைவுட்டில் அடிக்கட்டை, இரண்டு பக்கப் பலகை, மேல் பலகை. முன்பக்கத் திறப்பை ஓவியத்தின் அளவுக்கே வைத்துக்கொண்டேன். ஆழம் 40 செ.மீ. அடிக்கட்டைக்கு மட்டும் முன்னால் ஒரு ரீப்பர் அடித்து, கல் போல் தடிமனாகத் தெரியச் செய்தேன். ஓவியத்தில் அந்த முன்முகம் முக்கியம். வெள்ளரிக்காயின் நிழல் விழுவது அங்கேதான். பட்டி பார்த்து, சாம்பல் எமல்ஷன் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் ஆங்காங்கே தேய்த்துவிட்டேன். பளபளப்பு எங்கும் இருக்கக் கூடாது.

பின்பக்கத்தை முதலில் கறுப்பு சார்ட் ஒட்டிய பலகையால் மூடினேன். விளக்கைப் போட்டால் அது கறுப்பாக இல்லை, அடர்ந்த சாம்பலாக நின்றது. கறுப்புக் காகிதமும் கறுப்புப் பெயின்டும் விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பக்கத்தில் பளிச்சென்று ஒரு காய் இருந்தால்கூட, அந்த நாலைந்து பங்கு சுவர் ஒன்று இருப்பதைக் காட்டிக்கொடுக்கப் போதும். கோத்தானின் இருட்டில் சுவர் கிடையாது. அது எவ்வளவு ஆழம் என்றே தெரியாது. பலகையை எடுத்துவிட்டு, பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தே விட்டேன். அதற்கு இரண்டடி பின்னால் கறுப்பு வெல்வெட் துணியைத் தொங்கவிட்டேன். வெல்வெட்டின் இழைகள் நிமிர்ந்து நிற்பதால் வெளிச்சம் அவற்றுக்கிடையே போய்த் தொலைந்துவிடும். போதாததற்கு, துணி தள்ளி இருப்பதால் விளக்கின் கற்றையும் அதன் மேல் நேராக விழுவதில்லை. உடனே வந்துவிட்டது அந்த இருட்டு. வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் வெல்வெட்டில் பார்க்க வேண்டாம். ஒன்றரை மீட்டர் போதும்.

காய்கள்

குயின்ஸ் இங்கே கிடைக்காது. ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் உறவுக்காரப் பழம் அது. பழுத்தால் பொன் மஞ்சளாக, அங்கங்கே புடைத்துக்கொண்டு கோணலாக இருக்கும். நன்றாகப் பழுத்த, சற்றுக் கோணலான நாட்டுக் கொய்யா அதற்கு நெருக்கமாக வந்தது. குயின்ஸின் காம்போடு ஓவியத்தில் இரண்டு இலைகள் இருக்கின்றன என்பதால், இலையோடு பறித்த கொய்யாவைக் கேட்டு வாங்கினேன்.

முட்டைக்கோஸ்தான் தேடலானது. கடைக்கு வரும்போதே வெளி இலைகளை எல்லாம் உரித்து மொழுமொழுவென்று ஆக்கிவிடுகிறார்கள். கோத்தானுடைய முட்டைக்கோஸில் வெளி இலைகள் விரிந்து, ஓரம் சுருண்டு, நரம்பு எடுத்துக்கொண்டு நிற்கும். ஓவியத்தின் பாதி அழகு அந்த இலைகளில் இருக்கிறது. உழவர் சந்தையில் ஒரு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, இலை கழிக்காத காய் வாங்கினேன். "மாட்டுக்குப் போடவா தம்பி?" என்று கேட்டுவிட்டு, காசு வாங்காமல் இன்னும் நாலு இலை சேர்த்துக் கொடுத்தார்.

தொங்கவிடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. நூலைக் காயைச் சுற்றிக் கட்டினால் இலை நசுங்கும். கோணி ஊசியில் சணல் நூலைக் கோத்து, அடித்தண்டின் குறுக்கே செலுத்தி முடிச்சுப் போட வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் எடை இருப்பதால் முறுக்கிய நூல் பிரியத் தொடங்கும், காய் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். முந்தின நாள் இரவு அதே எடையில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு நூலின் முறுக்கைத் தீர்த்துவிட்டால் காலையில் காய் அசையாமல் நிற்கிறது. அப்புறமும் ஆடினால், பின்னாலிருந்து ஒரு மெல்லிய கறுப்புத் தையல் நூலால் இழுத்துக் கட்டலாம், தெரியாது.

உணவைக் கட்டித் தொங்கவிடுவது கோத்தானின் கற்பனை இல்லை. குளிர்ச்சியான சரக்கறையில் காய்கறிகளையும் பறவைகளையும் இப்படித் தொங்கவிட்டு வைப்பது அந்தக் காலத்து ஸ்பெயினில் வழக்கம்தான். தரையில் படாது, பூச்சி ஏறாது, காற்றோட்டம் இருக்கும். அவர் செய்தது, அந்தச் சரக்கறையிலிருந்து மற்ற எல்லாவற்றையும் அகற்றியதுதான்.

வெளிச்சம்

ஓவியப் புத்தகங்கள் வடக்கு ஜன்னலைப் பரிந்துரைக்கும். ஐரோப்பாவில் அது சரி, அந்தப் பக்கமிருந்து நேர் வெயில் அநேகமாக வராது. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், வடக்கு ஜன்னலில் வெயில் வரும். முலாம்பழம் நன்றாகக் கிடைப்பதும் கோடையில்தான். அதனால் ஜன்னலைத் திரை போட்டு மூடிவிட்டு ஒரே ஒரு ஸ்பாட் லைட்டை நம்பினேன். ஒளியின் நிறம் 4000 கெல்வின், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் உள்ளது. சாதாரண எல்.இ.டி.யில் பச்சைகள் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். முட்டைக்கோஸ் வரைய அது உதவாது.

விளக்கை எங்கே வைப்பது என்பதில்தான் நேரம் போனது. சொல்லப்போனால், இந்த முயற்சியில் நான் கற்றது எல்லாம் அங்கேதான்.

ஓவியத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. சரி என்று விளக்கைப் பெட்டிக்கு நேர் இடப்பக்கம் வைத்தால், இடது பலகையின் நிழல் கொய்யாவை அப்படியே விழுங்கிவிட்டது. பழம் ஒளி பெற வேண்டுமானால் விளக்கு பெட்டியின் முன்னால், பார்ப்பவரின் இடது தோளுக்கு மேலே, உயரத்தில் இருக்க வேண்டும். அப்படி வைத்தேன். முதலில் ஒரு மீட்டர் தொலைவில். கொய்யா ஜொலித்தது, வெள்ளரிக்காய் மங்கிவிட்டது. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். ஒரு மீட்டரில் கொய்யா, ஒன்றரை மீட்டரில் வெள்ளரி என்றால், வெள்ளரிக்குப் பாதிகூடக் கிடைக்காது. விளக்கை அறையின் மூலை வரை, மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, பின்னால் கொண்டுபோனதும் அந்த வேறுபாடு அடங்கிவிட்டது. இன்னொரு பலனும் கிடைத்தது. தூரத்தில் இருக்கும் சிறிய விளக்கு விளிம்பு கூர்மையான நிழல் தரும். கோத்தானின் நிழல்களும் கலங்கலாக இல்லாமல் திட்டவட்டமாகவே இருக்கின்றன. கற்றை சிதறாமல் இருக்க விளக்கைச் சுற்றிக் கறுப்பு சார்ட்டில் ஒரு கூம்பு செய்து மாட்டினேன்.

இப்போது அடுத்த சிக்கல். முட்டைக்கோஸின் நிழல் நேராக முலாம்பழத்தின் வெட்டு முகத்தில் போய் உட்கார்ந்தது. ஓவியத்தில் அந்த முகம் முழு வெளிச்சத்தில் இருக்கிறது. விதைகள்கூடத் தெரிகின்றன. விளக்கை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், பயனில்லை. அப்புறம் விளக்கை விட்டுவிட்டு முட்டைக்கோஸை ஒரு சாண் பின்னால் தள்ளிக் கட்டினேன். நிழல் முலாம்பழத்துக்குப் பின்னால் போய் இருட்டில் கரைந்தது. கொய்யாவை அதைவிடவும் கொஞ்சம் பின்னால் கட்டினேன், அதன் நிழல் முட்டைக்கோஸைத் தொடவில்லை. முலாம்பழத்தை முன்னுக்கு இழுத்தேன், துண்டை அதைவிட முன்னால் வைத்தேன். வெள்ளரிக்காய்க்குக் கட்டையில் இடமே இல்லை, அது வெளியே நீட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

எழுந்து, கேன்வாஸைத் தாங்கும் ஈசலுக்குப் போய் அங்கிருந்து பார்த்தேன். கோத்தானின் வளைவு அங்கே இருந்தது.

இந்த ஓவியத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் அந்த வளைவைப் பற்றிச் சொல்வார்கள். இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும் கணித வளைவு, பரவளைவா அதிபரவளைவா என்றுகூட விவாதம் உண்டு. அது கீழே இறங்குவதோடு நம்மை நோக்கி முன்னாலும் வருகிறது என்பதையும் கவனித்திருக்கிறார்கள். அதை நானும் ஒரு அலங்கார ஒழுங்கு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் கை விட்டுக் காய்களை நகர்த்தியபோது அது வேறாகத் தெரிந்தது. ஒரே விளக்கின் கீழே ஐந்து பொருள்கள், ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழக் கூடாது என்ற ஒரே ஒரு நிபந்தனையை வைத்தால், காய்கள் தாமாகவே ஏறக்குறைய அந்த வளைவில் வந்து நிற்கின்றன. எதுவும் இன்னொன்றுக்கு வரவேண்டிய வெளிச்சத்தைத் தடுக்கவில்லை.

சிகாகோ கலை நிறுவனத்தில் கோத்தானின் இன்னொரு ஓவியம் இருக்கிறது. இதே குயின்ஸ், முட்டைக்கோஸ், முலாம்பழம், வெள்ளரி, அதே வளைவில். காலியாக இருந்த இருட்டில் பறவைகளையும் தொங்கவிட்டிருக்கிறார். அதுவும் நல்ல ஓவியம்தான், ஆனால் எனக்கு சான் டியேகோ ஓவியமே ஒரு படி மேல். அந்த வலது மேல் வெறுமை இல்லாமல் முட்டைக்கோஸ் இவ்வளவு தனியாக நிற்காது.

வரைந்தது

24க்கு 30 அங்குல கேன்வாஸ். கடையில் தயாராகக் கிடைக்கும் அளவுகளில் மூல ஓவியத்தின் விகிதத்துக்கு இதுவே நெருக்கம். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுவதும் பூசித் துடைத்தேன். வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாக வரைந்தால் எல்லா நிறமும் கறுப்பாகத் தெரிந்து கை தயங்கும். பழுப்புத் தரையில் இருட்டும் வெளிச்சமும் இரண்டு பக்கமும் உடனே புலப்படும். கேன்வாஸுக்கு வேறு ஒரு சிறு விளக்கு வேண்டும், அதே 4000 கெல்வினில், பெட்டிக்குள் சிந்தாதபடி மறைத்து.

இருட்டுக்குக் கறுப்புப் பெயின்டைத் தொடவில்லை. பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரின் நீலமும் கலந்தால் கறுப்பைவிட ஆழமான ஒரு இருட்டு வருகிறது. அம்பர் கூடினால் வெதுவெதுப்பாக, நீலம் கூடினால் குளிர்ச்சியாக, வேண்டியபடி சாய்க்கலாம். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காய்வது கூடுதல் வசதி. காய்ந்த பிறகு ஆங்காங்கே எண்ணெய் உறிஞ்சப்பட்டு மங்கல் திட்டுகள் வரும். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் ஒற்றி மெல்லத் தேய்த்துத் துடைத்தால் ஆழம் திரும்பிவிடும். இதைச் செய்யாமல் அடுத்த அடுக்குக்கு நிறம் பொருத்தப் பார்த்தால் பொருந்தவே பொருந்தாது.

முதலில் முட்டைக்கோஸ், அதுவும் ஒரே அமர்வில். தொங்கிய சில மணி நேரத்தில் வெளி இலைகள் துவளத் தொடங்கிவிடும். தண்ணீர் தெளித்தால் கொஞ்சம் தாங்கும், ஆனால் துளிகள் புது வெளிச்சப் புள்ளிகளைக் கொண்டுவந்துவிடும்.

மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து ஒரே இலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் எவ்வளவோ நடக்கிறது. விளக்கைப் பார்த்த மேற்பரப்பு பச்சையே இல்லை, ஒரு வெளிறிய சாம்பல். இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சு ஒளியை அப்படியே திருப்புகிறது. இலையின் ஓரம் மெலிந்து சுருளும் இடத்தில் ஒளி ஊடுருவி வருவதால் அங்கே மட்டும் எலுமிச்சை மஞ்சள் கலந்த பச்சை. நடு நரம்பு ஏறக்குறைய வெள்ளை, அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகள் ஒவ்வொன்றும் தன் கீழே ஒரு மயிரிழை நிழலை வைத்திருக்கிறது. நிழல் பக்கம் இருட்டோடு கலந்தே போய்விடுகிறது என்று நினைக்கும்போது, வலது பலகையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் கடைசி விளிம்பில் ஒரு மங்கிய கோடு போடுகிறது. அந்தக் கோட்டை வரையாத வரை காய் தட்டையாக இருந்தது. யெல்லோ ஓக்கரும் இருட்டின் கலவையும் சேர்த்து ஒரே இழுப்பில் போட்டதும் உருண்டுவிட்டது.

முலாம்பழத்தின் வெட்டு முகம் காய்ந்து தோல் கட்டும், ஒவ்வொரு அமர்விலும் ஒரு மெல்லிய சீவல் எடுத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். கொய்யாவும் வெள்ளரியும் பொறுமைசாலிகள்.

வெள்ளரிக்காயைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். காயை வரைவது எளிது, அதன் நிழல்தான் வேலை. கட்டையின் மேற்பரப்பில் தொடங்கி, விளிம்பில் மடிந்து, முன்முகத்தில் சரிந்து இறங்கும் அந்த நிழல்தான் வெள்ளரியைப் படச்சட்டத்தை விட்டு வெளியே தள்ளுகிறது. மடியும் இடத்தில் நிழலின் கோணம் சட்டென்று மாற வேண்டும். ஒரு அடிக்குச்சியை ஈசலிலிருந்து நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அந்தக் கோணத்தை அளந்து கேன்வாஸுக்குக் கொண்டுவந்தேன். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், நினைவிலிருந்து போடாதீர்கள், அளந்து போடுங்கள்.

பொருள் எங்கே இருக்கிறது

வரைந்து முடித்தபின் ஒரு சோதனை செய்தேன். காய்கள் அப்படியே இருக்க, ஸ்பாட் லைட்டை அணைத்துவிட்டு அறையின் டியூப் லைட்டைப் போட்டேன். வளைவு இருந்தது, நூல் இருந்தது, காய்களும் அவையே. ஆனால் அந்த அமைதி போய்விட்டது. நிழல் எல்லாம் எல்லாப் பக்கமும் கரைந்து, அவை பலகையில் வைத்த வெறும் காய்கறியாகிவிட்டன. மீண்டும் ஒற்றை விளக்கைப் போட்டதும் எல்லாம் திரும்பி வந்தது.

1603இல் கோத்தான் தொலேதோவை விட்டுக் கிளம்பினார். கிரனாதாவில் கார்த்தூசியர் என்ற கத்தோலிக்கத் துறவியரின் மடத்தில் சேர்ந்து, குருப்பட்டம் பெறாத சகோதரராகவே வாழ்ந்து 1627இல் இறந்தார். அங்கே உணவுக்கூடச் சுவரில் அவர் வரைந்த மரச் சிலுவையை நிஜம் என்று எண்ணிப் பறவைகள் வந்து உட்காரப் பார்க்கும் என்று ஒரு கதை உண்டு. கார்த்தூசியர் இறைச்சி உண்பதில்லை. இதையெல்லாம் சேர்த்து, இந்தக் காய்கள் துறவியின் உணவு, ஓவியம் நோன்பைக் குறிக்கிறது என்று சொல்லிவிடலாம், சொல்லியும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இதை அவர் மடத்துக்குப் போகும் முன்பே வரைந்துவிட்டார். மாட்ரிட் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ள 1602ஆம் ஆண்டு ஓவியத்தில் எலுமிச்சையோடும் ஆப்பிளோடும் பறவைகளும் அதே பக்தியோடு தொங்குகின்றன. இறைச்சியா காயா என்பது அவருக்கு வித்தியாசமாக இருந்ததாகத் தெரியவில்லை. எதை வைத்தாலும் அதற்குரிய வெளிச்சத்தை முழுதாகக் கொடுத்திருக்கிறார். அவருடைய சமயம் அந்தக் கொடுப்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முட்டைக்கோஸ் எதற்கும் குறியீடாக நிற்கவில்லை. ஒரு முட்டைக்கோஸ் இவ்வளவு கவனத்துக்குரியது என்பதே அங்கே சொல்லப்படுவது.

பீட்டர் கிளாஸின் மேசைகளில் வெளிச்சம் வேறு விதமாகப் பேசுகிறது. ஜன்னலிலிருந்து மென்மையாகப் பரவி, பச்சைக் கண்ணாடிக் கோப்பையில் அந்த ஜன்னலின் பிம்பத்தையே சிறிதாகக் காட்டும். பாதி தின்ற பண்டம், சாய்ந்த கோப்பை, யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள். கோத்தானின் ஜன்னலில் மனிதர் யாரும் வந்துபோன அடையாளம் அந்த நூல் முடிச்சும் முலாம்பழத்தின் வெட்டும் மட்டும்தான்.

அடுத்தது

பெட்டியைப் பிரிக்கவில்லை. வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது காயவிட வேண்டும், அதற்குள் இன்னொன்று வரையலாம். 1633இல் ஸ்பானிய ஓவியர் சுர்பரான் வரைந்த எலுமிச்சை, ஆரஞ்சு, ரோஜா ஓவியத்தை எடுத்திருக்கிறேன். அமெரிக்காவின் பாசடேனாவில் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருப்பது. அதில் ரோஜாவும் தண்ணீர்க் கோப்பையும் கன்னி மரியாவின் தூய்மையைக் குறிப்பதாகவே பெரும்பாலும் வாசிக்கிறார்கள். அங்கே பட்டியல் வேலை செய்கிறது, ஆகவே வெளிச்சம் அதோடு சேர்ந்து என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். தலைப்பில் எலுமிச்சை என்று இருந்தாலும் தட்டில் இருப்பது தடித்த தோலுள்ள நார்த்தங்காய் வகை. அது இங்கே தாராளமாகக் கிடைக்கும். பூவோடு கூடிய ஆரஞ்சுக் கிளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மங்கிய உலோகத் தட்டுக்கு வீட்டிலிருக்கும் ஈயத் தட்டைப் பார்த்தேன். பழத்தின் மஞ்சள் அதன் விளிம்பில் பிரதிபலிக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் தேய்த்தால் சரியாக வரும்.